கண்டக்டர் போட்ட துண்டு

கையில் பணத்தோடு கிளம்பியவனை எதையும் வாங்கவிடாமல் வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதில் கண்டக்டரை மிஞ்ச இந்தத் தமிழ்நாட்டில் ஆள் கிடையாது. காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து கொல்லிமலை ஏறும் எங்கள் பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பது அவருக்கு உபதொழில்தான். மிக்ஸி வாங்கப் புறப்பட்ட ஒரு குடும்பத்தையே, "பொறுங்க, ஆடித் தள்ளுபடி வரட்டும்" என்று சொல்லி அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டவர். மலைமேல் அரியூர் நாட்டுக் கிராமம் ஒன்றில் ஒருவர் இன்றைக்கும் பட்டன் போனோடு திரிகிறார் என்றால் அதற்கும் இவர்தான் காரணம். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை.

மலைமேல் செம்மேட்டு ஆபீசுக்கு மாற்றலாகிப் போன முதல் நாளே எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது. சந்தைக் கூட்டம். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, முண்டியடித்து ஏறிப் பார்த்தால், என் இடத்தில் மளிகை மூட்டையோடு ஒருவர் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் என் துண்டை அழகாக மடித்து என் தோளிலேயே போட்டார்.

"உக்காந்தவருக்குத்தானுங்க சீட்டு. துணிக்கெல்லாம் டிக்கெட் இல்லீங்க."

கம்பியில் தொங்கிக்கொண்டு அவரைத் திட்டினேன், மனதுக்குள்தான். மலைப்பாதை தொடங்குவதற்குள் போனில் கம்ப்யூட்டர் ப்ராசஸர் விலை பார்த்துக்கொண்டிருந்தேன். என் தோளுக்கு மேல் கண்டக்டரின் தலை நீண்டது. அதை வாங்காதீங்க சார் என்றது.

அதை எதற்குப் பார்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன். நானும் மனைவியும் பிரிந்த பிறகு என் மகன் அவளோடு கோயம்புத்தூரில் இருந்தான். போன் செய்தால் 'ம்' என்பான், 'சாப்பிட்டேன்' என்பான், அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் அவனும் அவன் நண்பர்கள் இருவரும் நானும் ஓர் அணியாகச் சேர்ந்து கம்ப்யூட்டரில் ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடுவோம். அப்போதுதான் அவன் என்னோடு வாய் திறந்து பேசுவது, அதுவும் 'அப்பா, பின்னாடி பாருங்க' என்று. அந்த விளையாட்டைப் புதுப்பித்தார்கள், என் பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்கத் தொடங்கியது. சண்டை சூடுபிடிக்கும்போது திரை அப்படியே நின்றுவிடும். மறுபடி நகரும்போது நான் செத்திருப்பேன், அணி தோற்றிருக்கும்.

கண்டக்டர் கம்ப்யூட்டர் விளையாட்டுப் பைத்தியம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூட்ரைவரும் கையுமாக என் அறைக்கே வந்துவிட்டார், மிஷின் எங்கே திணறுகிறது என்று பார்க்க. அவர் பக்கத்தில் இருக்கும்போதே ஸ்பீக்கரில் என் மகன் சொன்னான்: "கஷ்டமா இருந்தா விட்டுடுங்கப்பா. என் கிளாஸ்ல ஒருத்தன் வரேங்கறான்." நான் சிரித்து வைத்தேன். கண்டக்டர் ஸ்க்ரூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஆசைப்பட்டது இருப்பதிலேயே பெரிய ப்ராசஸருக்கு. அவர் உதட்டைப் பிதுக்கினார். "மலைக்கு ஏனுங்க சார் குட்டை பஸ் ஓட்டறோம்? நீள வண்டி வளைவுல திரும்பாதுங்க. உங்க கிராபிக்ஸ் கார்டும் திரையும் இம்புட்டுத்தான். அதுக்கு மேல எஞ்சினை வெச்சா, அது சும்மா நின்னு சூடாவும்." இப்போதுள்ள மதர்போர்டிலேயே உட்காரக்கூடிய, போன தலைமுறை ஆறு கோர் ப்ராசஸர் போதும், போர்டையும் ராமையும் மாற்ற வேண்டியதில்லை என்றார். நியாயமான பேச்சு. அத்தோடு நிறுத்தியிருந்தால் மறுநாளே வாங்கியிருப்பேன்.

"ஆனா பொறுங்க. புதுசு வரப்போவுதுங்க. வந்தா இது இறங்கும்."

புதுசு வந்தது, பழசு இறங்கவில்லை. தீபாவளி வரை பொறுக்கச் சொன்னார். தீபாவளிக்குக் கொஞ்சம் இறங்கியது. இறங்க ஆரம்பித்த விலை நடுவழியில் நிற்காது, இன்னும் பொறுங்கள் என்றார். இதற்கிடையில் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடப் போவதையே விட்டுவிட்டேன். ஆபீஸ் வேலை என்று மகனிடம் பொய் சொன்னேன். பெற்ற பிள்ளை முன்னால் வாராவாரம் முதல் ஆளாகச் சாவதற்கு வெட்கமாக இருந்தது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, என்ன விலையானாலும் வாங்கிவிடுவது என்று ஒரு நாள் மகனைக் கூப்பிட்டேன். ப்ராசஸர் வாங்கப் போவதைச் சொன்னேன், என் இடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்க வாய் வரவில்லை. அவனே சொன்னான்.

"அவசரமில்லப்பா. உங்க கண்டக்டர் அங்கிள் செமையா ஆடறாரு. பேரே 'துண்டு'ன்னு வெச்சிருக்காரு."

என் திரையில் மகனின் விளையாட்டுப் பெயரைப் பார்த்துவைத்துக்கொண்டு, என்னைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, என் இடத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். மறுநாள் செம்மேட்டில் பஸ் புறப்படுவதற்கு முன் அவரை ஓரமாக நிறுத்தி, என் பிள்ளையோடு ஆட நீ யார் என்று கேட்டேன்.

"கிளாஸ் பையன் வந்து உக்காந்துட்டா எந்திரிப்பானுங்களா சார்? நானுன்னா நீங்க வந்ததும் எந்திரிச்சுருவேன். அதான் துண்டு போட்டு வெச்சேனுங்க."

"அப்ப அன்னைக்கு என் துண்டை மட்டும் ஏன்யா எடுத்தே?"

கொஞ்சம் யோசித்தார். "அது பஸ்ஸுங்க. இது உங்க பையனுங்க."

நெகிழ்ந்துபோனேன் என்று எழுதினால் பொய். பொறாமையில் வயிறு எரிந்தது. மாதக்கணக்கில் நான் கேட்காத என் மகனின் சிரிப்பை இந்த ஆள் வாராவாரம் கேட்டிருக்கிறாரே என்று எரிந்தது.

பொங்கல் கழிந்ததும் விலை அவர் சொன்ன இடத்துக்கே இறங்கியது. அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. அவரே வந்து ப்ராசஸரைப் பொருத்திக் கொடுத்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை திரை ஒரு தடவைகூட நிற்கவில்லை. அப்படியும் நான்தான் முதலில் செத்தேன், ஒவ்வொரு ஆட்டத்திலும். ஸ்பீக்கரில் என் மகன் சிரிக்க ஆரம்பித்தான். "அப்பா, இனிமே எதைப்பா குறை சொல்வீங்க?" என்று கேட்டு மறுபடி சிரித்தான். அது ஓய்ந்ததும், "அங்கிள் இனிமே வரமாட்டாரா?" என்றான்.

பஸ் டிரைவர்தான் விஷயத்தைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓய்வு கிடைக்க வேண்டும் என்று கண்டக்டர் மற்றவர்களிடம் டியூட்டி மாற்றிக்கொண்டிருந்தாராம். அதற்குப் பதிலாகத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டில் இல்லாமல் பஸ்ஸில் இருந்தாராம். அப்போது விட்டுக்கொடுத்தவர்களுக்கெல்லாம் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பி வேலை செய்துகொண்டிருந்தார்.

எனக்கு மறுபடி மாற்றலாகிவிட்டது. மனுஷன் மேல் இருந்த கோபம் முழுதாகத் தீரவில்லை, தீராது. மகனின் நண்பர்களில் ஒருவன் படிப்பைக் காரணம் காட்டி அணியிலிருந்து விலகிக்கொண்டான். அந்த இடத்துக்கு, முன்பு வருகிறேன் என்ற அதே வகுப்புப் பையன் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறான். எங்கள் ஆள் டியூட்டிக் கடனை முடித்துவிட்டு வருகிறார் என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவும் பிள்ளையும் அதில் துண்டு போட்டு வைத்திருக்கிறோம்.