நாகம் குறைந்த வயல்

பிடிவாதக்காரன் கையில் அகராதி கிடைக்கவே கூடாது. எனக்குக் கிடைத்தது.

அறுபதுகளின் கடைசியில் கீரப்பாளையம் பக்கம் நான் கிராம சேவக்; பயிருக்கு யோசனை சொல்லும் சர்க்கார் வேலை. உழவர்களிடம் இங்கிலீஷ் வார்த்தை ஒன்றுகூடப் பேசுவதில்லை என்று சபதம் எடுத்திருந்தேன். (சபதத்தை அறிவித்ததே ‘இன்னிலேர்ந்து நோ இங்கிலீஷ் சார்’ என்றுதான்.)

அப்போது எனக்குக் கோகிலாவைப் பேசி முடித்திருந்தார்கள். அவள் அப்பா வைத்திலிங்கம் மாமா, என் பேச்சை நம்பி ரெண்டு காணி முழுக்கப் புதுக் குட்டை ரக நெல்லை நட்டார். மூன்றே வாரத்தில் பயிர் துருப்பிடித்த தகரம் மாதிரி நின்றது.

“வெளஞ்சாத்தான் மாப்ள தையில கல்யாணம்” என்றார் மாமா.

இலையைச் சிதம்பரத்துக்கு எடுத்துப் போய் ஆபீசரிடம் காட்டினேன். ஜிங்க் சத்துக் குறை, ஜிங்க் சல்பேட்டைச் சுண்ணாம்போடு கலந்து அடி, சுண்ணாம்பு இல்லாவிட்டால் இலை கருகிவிடும் என்றார். அகராதியில் ஜிங்க்குக்குத் ‘துத்தநாகம், நாகம்’ என்று போட்டிருந்தது. சின்ன வார்த்தையே போதும் என்று நினைத்தேன்.

“மாமா, ஒங்க வயல்ல நாகம் கொறஞ்சி போச்சி.”

மாமா முகம் வெளுத்தது. “நாந்தான் மாப்ள போன மாசம் அடிச்சேன். ஒனக்கு யாரு சொன்னா?”

(அடிப்பது என்றால் எனக்கு மருந்து அடிப்பது ஒன்றுதான் தெரியும்.) “கேக்காம அடிக்கலாமா? கொறஞ்சத நாமதான் திருப்பி எறக்கணும். நாளைக்கே அஞ்சு கிலோ கொண்டாறேன்.”

“அஞ்சு கிலோவா?” மாமா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் ஸ்பிரேயரோடு போனால் வயலில் ஒரு ஆள் இல்லை. விசாரித்தேன். குடும்பமே புற்றுக்குப் பால் ஊற்றப் போயிருந்தது. நான் சொன்ன நாகம் எது, அவர் அடித்த நாகம் எது என்று அப்போதுதான் உறைத்தது.

அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் பயிரைப் பிழைக்க வைக்காமல் நகர்வதில்லை என்று கைலியை மடித்துக் கட்டினேன். ஒரு பங்கு போட்டால் தையில் கல்யாணம், ரெண்டு பங்கு போட்டால் இன்னும் நிச்சயம் அல்லவா? ரெண்டு பங்கு கரைத்துத் தனி ஆளாக அடித்து முடித்தேன். மிச்சத்தை வீணாக்குவானேன் என்று வரப்பு உளுந்துக்கும் அடித்தேன். திரும்பி வந்து பார்த்தால் சுண்ணாம்புப் பொட்டலம் சைக்கிள் கேரியரில் பத்திரமாக இருந்தது.

உளுந்து அத்தனையும் கருகியது. நெல் நுனி கருகித் தவித்து, மெல்லப் பச்சை பிடித்து எழுந்தது.

“புத்துக்குப் பால் ஊத்துனேன், நெல்லு பொழச்சிது. நீ மருந்தடிச்ச, உளுந்து போச்சி” என்றார் மாமா.

நான் விடவில்லை. அரை மணி நேரம் விளக்கினேன். “நாகம் கொறஞ்சாலும் ஆபத்து மாமா, ஜாஸ்தியானாலும் ஆபத்து. நெல்லு தாங்கும், உளுந்து தாங்காது.”

“ஜாஸ்தியானா ஆபத்துன்றத ஒத்துக்கறேன்.”

தையில் கல்யாணம் நடந்தது. கருகியது கல்யாண வடைக்கென்று போட்ட உளுந்து என்பது பந்தியில்தான் தெரிந்தது. மாமா எங்கிருந்தோ உளுந்து வாங்கி எல்லோர் இலைக்கும் வடை போட்டார். என் இலையைத் தாண்டிப் போனார்.

“நாகம் போட்டவருக்கு வடை கெடையாது.”

பந்தியே சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோகிலா, தலை நிமிராமல் தன் வடையில் பாதியைப் பிய்த்து என் இலையில் வைத்தாள். அந்த வயலில் நான் பட்ட பாடெல்லாம் அப்போதே தீர்ந்துபோனது.

இன்றும் எங்கள் வீட்டில் எத்தனை வடை சுட்டாலும் எனக்குப் பாதிதான்.