உப்பு மூட்டையால் கட்டிய அணை

தண்ணீரைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நினைக்கிற ஆளை நம்பி, மழைக்காலத்தில் யாரும் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கக் கூடாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஆள் நான்தான்.

மரக்காணத்தில் உப்பளம் நடத்துகிறேன். பாத்தித் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால், உப்பு விளைய இன்னும் எத்தனை நாள் என்று சொல்லிவிடுவேன் (பாதி நேரம் தப்பாக). அந்த ஐப்பசியில் மழை விட்டதும் விற்கலாமென்று நாற்பது மூட்டை உப்பை வாசலில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தேன். வீட்டுக்குள் என் மனைவி செல்வி, ஏழு மாதக் கர்ப்பிணி.

காலையில் ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். மேற்கே அணை உடைந்துவிட்டதாம், மத்தியானத்துக்குள் தண்ணீர் வந்துவிடுமாம், எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டுமாம். ஊரே தலைதெறிக்க ஓடியது. எனக்கு மட்டும் உடம்பெல்லாம் முறுக்கேறியது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சந்தோஷமாகவே இருந்தது. என் திறமையைக் காட்ட இப்படி ஒரு நாள் வாய்க்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவன் நான்.

செல்வியின் அண்ணன் முருகன் வானூர்ப் பக்கம் பயிர் வைக்கிறவர். தகவல் கேட்டதும் டிராக்டரை எடுத்துக்கொண்டு, பின்னால் டிரெய்லர் குலுங்க வந்து நின்றார்.

"மாப்ள, தங்கச்சிய ஏத்துங்க. கெளம்பலாம்."

"எதுக்கு மச்சான் ஓடணும்? நாப்பது மூட்டை இருக்குது. வாசலை அடைச்சுட்டா ஒரு சொட்டு உள்ள வராது."

உள்ளே ஸ்கேன் ரிப்போர்ட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்த செல்வி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இன்னா பேசுறீங்க? அது உப்புங்க. கரைஞ்சிடாது?"

நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. "பாத்தியில உப்பு நாள்கணக்கா தண்ணிலயே கெடக்குது. கரையுதா?"

"அது கடல் தண்ணி. வர்றது ஏரித் தண்ணி, ஆத்துத் தண்ணி."

"தண்ணின்னா தண்ணிதான்," என்றேன். உப்பள முதலாளியின் வாயிலிருந்து வந்த சொல் இது. முருகன் மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, டிராக்டரை வீட்டின் பின்கதவோரம் கொண்டுபோய் நிறுத்தினார்.

வாசலில் மூன்று அடுக்குச் சுவர் எழுப்பினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, உற்சாகம் குறையவில்லை. தண்ணீர் வந்தது. முதலில் தெருவை நனைத்தது, பிறகு முழங்கால் உயரத்துக்கு ஏறியது. சுவர் நின்றது! செல்போனை எடுத்து வீடியோ பிடித்தேன். "பாருங்க மக்களே, இதான் மூளைங்கறது!" என்று உப்பள வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்பியும் விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அடி மூட்டைகளுக்கு வயிறு ஒட்டிப்போனது. மேல் மூட்டைகள் என் பக்கமாகச் சாய ஆரம்பித்தன. இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தேன். பிடித்தது வெறும் சாக்கு. மடை திறந்ததுபோல் தண்ணீர் உள்ளே பாய்ந்தது. என் காலிலிருந்த வெடிப்புகளிலெல்லாம் உப்பு ஏறி, நெருப்பை மிதித்த மாதிரி எரிந்தது.

"மாப்ள, இந்த நேரத்துல ஏன் குதிக்கிறீங்க? தங்கச்சி கையப் புடிங்க!" என்று மச்சான் கத்தினார்.

அதற்குள் இடுப்பளவுக்கு ஏறியிருந்த தண்ணீரில் செல்வியின் கையைப் பிடித்தேன். மறு கையால் அவள் வயிற்றைப் பொத்திக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது, அதுவரை பார்த்திராத பயம். என் வீம்புக்காக இரண்டு உயிரை உட்கார வைத்துவிட்டேனே என்று அழுதேவிட்டேன். மச்சான் மேலேயிருந்து இழுக்க, நான் கீழேயிருந்து தாங்க, அவள் டிரெய்லரில் ஏறினாள். டிராக்டர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேட்டு ரோட்டைப் பிடித்தது.

பள்ளிக்கூடத்தில் பெரிய அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. சமையல்காரர் வெளியே வந்து, "யார்கிட்டயாவது உப்பு இருக்குதா?" என்று கேட்டார். என் வீடியோவைப் பார்த்திருந்த அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். உப்பில்லாத சாம்பாரை மூன்று வேளை சாப்பிட்டோம்.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். அவள் காதுகுத்துக்கு முருகன் மச்சான் தாய்மாமன் சீரோடு மேளம் முழங்க வந்தார். பழத்தட்டு, பட்டுப்பாவாடை, தங்கத்தோடு. கடைசித் தட்டில் மல்லிகைச் சரம் சுற்றிய ஒரு மணல் மூட்டை!

"வாசல்ல வெச்சுக்குங்க மாப்ள. இது கரையாது."

சபையே சிரித்தது. சீராக வந்ததைத் திருப்பித் தரக்கூடாதென்று செல்வி சொல்லிவிட்டதால், அது இன்றும் எங்கள் வாசலில்தான் கிடக்கிறது. வீட்டுக்கு வருகிற யார் அதில் இடறினாலும் என் மகள் ஓடிவந்து விளக்கம் சொல்கிறாள்: "அது எங்க அப்பாவுக்கு மாமா செஞ்ச சீரு. அப்பா அப்போல்லாம் அம்மா பேச்சக் கேக்கமாட்டாராம்."