‘நெக்ஸ்ட்டு’ சாரும் ஒரு தெலுங்கு அவசரமும்

திருமலைக்கு ஏறும் அலிபிரி படிக்கட்டில் சிறுத்தையை நேருக்கு நேர் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து குறட்டை விட்டுத் தூங்கியவர்களைத் திருப்பதியில் எனக்குத் தெரியும். ‘நெக்ஸ்ட்டு’ சாரிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து எழுந்தபின் நிம்மதியாகத் தூங்கியவர் ஒருவர்கூடக் கிடையாது. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்கவும் பயம்.

புதிதாகக் கம்பெனி தொடங்கி, ‘பிட்ச்’ என்று முதலீடு கேட்டுப் பெரிய மனிதர்கள் முன்னால் பேசப் போகிறவர்களுக்கு ஸ்லைடு செய்து கொடுத்து, பேசவும் பழக்குவது அவர் தொழில். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அவருடைய அறை. வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களைப் பார்த்தால் பல் பிடுங்க வந்தவர்கள் என்றே நினைப்பீர்கள். உள்ளே முப்பது வயதுகூட ஆகாத ஓர் ஒல்லி உருவம், கையில் ஸ்லைடு மாற்றுகிற ரிமோட். நம் பேச்சு இரண்டாவது வாக்கியத்தில் தொய்ந்தால், அந்த ரிமோட்டை நம் மூஞ்சிக்கு நேரே நீட்டி அழுத்துவார். “நெக்ஸ்ட்டு.”

சித்தூரிலிருந்து மாம்பழ ஜெல்லிக் கம்பெனிக்காரர் ஒருவர் முப்பது ஸ்லைடு கொண்டுவந்தார். கீழே இறங்கும்போது மூன்றுதான் மிஞ்சியிருந்தது. அதில் ஒன்று ‘நன்றி’.

கிளையண்ட் என்றில்லை, யாராயிருந்தாலும் இதே கதிதான். டீக்கடைக்காரர் தன் முட்டி வலியைச் சொல்ல ஆரம்பித்ததும் ரிமோட் நீண்டது. “ஏம்ப்பா, என் முட்டி உனக்கு ஸ்லைடா?” என்று அவர் ஒரு வாரம் டீ கொடுக்கவில்லை. சொந்தக்காரர் கல்யாணத்தில் மந்திரம் நீண்டுகொண்டே போக, புரோகிதரைப் பார்த்து அழுத்திவிட்டார் என்றும், அவர் பயந்துபோய்த் தாலியை எடுத்துக் கொடுத்துவிட்டார் என்றும் ஒரு பேச்சு உண்டு. நான் நம்புகிறேன்.

இந்த ஆளிடம் நாற்பத்தைந்து வயதில் நான் போய் மாட்டினேன். நானும் என் நாத்தனார் தேவியும் ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, நாகலாபுரம், பிச்சாட்டூர் பக்கத்துப் பெண்களை அங்கே ஷிப்டுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவர வேன் விட்டிருந்தோம். பெண் வண்டியில் ஏறியதும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள், இறங்கியதும் ஒன்று. உடனே அவள் வீட்டுக்கு எங்கள் கம்ப்யூட்டர் போன் போட்டுச் செய்தி சொல்லும். குரல் தேவியுடையது. அந்த ஒரு போனை நம்பித்தான் பல வீடுகளில் பெண்ணை வேலைக்கே அனுப்பினார்கள். ஆனால் வேன் டீசலைக் குடித்த வேகத்துக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. முதலீடு கிடைக்காவிட்டால் வேன் நிற்கும். வேன் நின்றால் அந்தப் பெண்கள் வீட்டோடு உட்கார வேண்டியதுதான்.

முதல் நாள் அவர் எதிரில் நின்று, “வணக்கம், எங்கள் நிறுவனம்...” என்று தொடங்கினேன்.

“நெக்ஸ்ட்டு.”

“சார், இன்னும் நான் பேரே சொல்லலியே!”

“பேரு யாருக்குக்கா வேணும்? கேக்கறவன் பயப்படணும். பயந்தாத்தான் காது தொறக்கும்.”

கேட்கிறவர் பயப்படுகிறாரோ இல்லையோ, நான் பயந்துவிட்டேன். அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம் இன்னும் மோசம். பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய், புறப்பட நின்ற காளஹஸ்தி பஸ்ஸைக் காட்டினார். “கண்டக்டர் விசில் ஊதறதுக்குள்ள அவருகிட்ட உங்க கம்பெனியப் பத்தி சொல்லி முடிக்கணும். போங்க.”

போனேன். படியில் ஒரு காலை வைத்து, “அண்ணா, ஆடபில்லலகோசம் ஒக வேன்...” என்றேன். பெண் பிள்ளைகளுக்காக ஒரு வேன் என்பதற்கு மேல் வாய் வரவில்லை.

“எக்குதாவா, லேதாம்மா?” ஏறுகிறாயா இல்லையா என்று கண்டக்டர் அதட்டியதில் ஏறிவிட்டேன். விசில் ஊதியாயிற்று. ரேணிகுண்டாவில் இறங்கித் திரும்பி வந்தபோது ‘நெக்ஸ்ட்டு’ சார் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“டிக்கெட்டு கண்டக்டர்தான் உங்க கைல வித்தாரு,” என்றார். “பிட்ச்சுன்னா அதுதான்கா.”

முதலீட்டாளர்கள் கூட்டம் திருப்பதியில் ஒரு ஓட்டல் ஹாலில். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. தேவிதான் என் காதில் கிசுகிசுத்தாள். “அண்ணி, சாரப் பாருங்க. கதவு பின்னால நின்னுக்கினு கீறாரு. உள்ளயே வர மாட்டேங்குறாரு!”

பார்த்தேன். ஊரையே நடுங்க வைத்தவர் ஒரு கையில் ரிமோட், மறு கையில் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு வெலவெலத்துப்போய் நின்றார். அவருக்கு நாலு பேருக்குமேல் கூடிவிட்டால் பேச்சு வராதாம், இதுவரை ஒரு மேடையிலும் ஏறியதில்லையாம். கூட்டத்துக்கு வந்திருந்த ஜெல்லிக்காரர் அப்போதுதான் சொன்னார். எனக்குப் பாதி உயிர் போயிற்று.

மேடையேறி, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, ஸ்லைடில் இருந்ததை ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். முன்வரிசையில் தலை நரைத்த ஒருவர், முதலீட்டை முடிவு செய்கிறவர் அவர்தான், மெதுவாகக் கேட்டார். “இதி நிஜங்கா அவசரமா, அம்மா?”

இங்கே ஒரு விஷயம். நம் தமிழில் அவசரம் என்றால் வேகம், பரபரப்பு. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. ஆந்திர எல்லையில் பிறந்த எனக்கு இது பால்குடி நாளிலிருந்து தெரியும். ஆனால் பயம் வந்துவிட்டால் காதுக்கு ஒரு பாஷைதான் தெரிகிறது. பணத்துக்குப் பறக்கிறோம் என்று நினைத்துவிடக் கூடாதே என்று, ரொம்ப மரியாதையாகப் பதில் சொன்னேன்.

“அவசரம் லேது சார். நிதானங்கா சூஸ்குந்தாம்.”

தேவையே இல்லை, நிதானமாகப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன்! ஹாலில் யாரோ இருமினார்கள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “அவசரம் லேதா? மரி எந்துகொச்சாரு?” தேவையில்லை என்றால் எதற்கு வந்தீர்கள்? எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் இருந்த குரலும் போயிற்று. தேவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். வேன் நின்றுவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன்.

அப்போது கதவுப் பக்கம் தடதடவென்று சத்தம். ‘நெக்ஸ்ட்டு’ சார் ஓடி வந்து மேடையில் ஏறி என் பக்கத்தில் நின்றார்.

“சார்! அக்கா செப்பிந்தி தமிழ் அவசரம்! தெலுகு அவசரம் காது!”

அக்கா சொன்னது தமிழ் அவசரம், தெலுங்கு அவசரம் இல்லை. அவ்வளவுதான் அவரிடம் இருந்தது. சொல்லி முடித்தபிறகுதான் எதிரே உட்கார்ந்திருந்த அத்தனை முகங்களையும் பார்த்தார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. தப்பிக்க வழி தெரியாமல், ரிமோட்டைத் தன் மார்புக்கு நேரே திருப்பி வைத்து அழுத்தினார். “நெக்ஸ்ட்டு,” என்று காற்று மாதிரி ஒரு குரல் வந்தது. அழுத்திக்கொண்டே மேடையில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் திரையில், கேள்விகளுக்கென்று மிச்சம் வைத்திருந்த எங்கள் ஸ்லைடெல்லாம் ஒவ்வொன்றாக ஓடி, கறுப்பாகிப்போனது.

ஹாலே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. என்னைவிடப் பயந்த ஒரு பிள்ளை எனக்காக ஓடி வந்திருக்கிறது. முன்மேசையிலிருந்த தண்ணீரை எடுத்து அவருக்குக் குடிக்கக் கொடுத்தேன். பிறகு ஸ்லைடும் இல்லை, மனப்பாடமும் இல்லை, வாய்க்கு வந்த தமிழில் சொன்னேன்.

“சார், இதோ என் நாத்தனாரு. இவ வேற ஷிப்டுல வேலைக்குப் போன நாள்ல வேனெல்லாம் கெடையாது. இருட்டிப்போவும், போனு ஆஃப்பு. பிச்சாட்டூரு ரோட்டயே பாத்துக்கினு நிப்பேன். இவ வூடு வந்து சேர்ற வரைக்கும் ஒரு வாய் சோறு துன்ன முடியாது சார். அதுக்குத்தான் இந்த போனு.”

பெரியவர் தன் போனை எடுத்துப் பார்த்தார். “மா அம்மாயி கூட ஹைதராபாதுலோ உந்தி,” என்றார். தன் பெண்ணும் வெளியூரில்தான் இருக்கிறாள் என்று. அப்புறம், “அவசரமேனம்மா,” அவசரம்தான் அம்மா, என்றார். அதை எந்த பாஷையில் சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வேன் இன்றும் ஓடுகிறது.

ஒரு வாரம் கழித்து ‘நெக்ஸ்ட்டு’ சார் எங்கள் ஆபீசுக்கு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சித்தூரில் அறை எடுத்துத் தனியாக இருக்கிறார், திருப்பதிக்குத் தினம் பஸ்ஸில்தான் வந்து போகிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

“அக்கா, என் நம்பரையும் சேத்துக்கினீங்கன்னா... சந்திரகிரி தாண்டிட்டா லாரிங்க வர்ற வேகத்தப் பாத்தா பயமா கீது.”

“சேத்துடறேன் சார். போனு யாருக்குப் போவணும்?”

ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உங்களுக்கே போட்டுடுங்கக்கா.”

ஆம்பளைக்கு வேறு குரல் பதிவு செய்கிறேன் என்று தேவி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான்தான் விடவில்லை. தினம் சாயங்காலம் இருட்ட ஆரம்பித்ததும் என் பார்வை தானாகப் போன் பக்கம் போகிறது. சோற்றை வடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மணி அடித்து, “உங்க பொண்ணு பத்திரமா வந்து சேந்துட்டாங்க,” என்று தேவியின் குரல் சொன்னபிறகுதான் தட்டை எடுக்கிறேன்.