வெயில் படாத மணலும் தங்கள் குளிர்பெட்டியும்

மதிப்பிற்குரிய மச்சான் கவ்ரீல் அவர்களுக்கு, தெரென்தி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் தங்கை மாத்ரியோனாவும் நலம். மாடுகள் நலம். கொசுக்கள் மிகவும் நலம். மீர்னியில் தாங்களும் வீட்டம்மாவும் தங்கள் இடது முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

வசந்தத்தில் வாத்து வேட்டைக்கு வந்தபோது தாங்கள் எங்களிடம் விட்டுப்போன குளிர்பெட்டியை, கார் மின்சாரத்தில் ஓடும் அந்த அருமையான பெட்டியைத்தான் சொல்கிறேன், வியாழக்கிழமை, நகரத்துக்கு ஆள் ஏற்றும் மகாரின் வேனில் அனுப்பிவைக்கிறேன். மூடி ஒரு பக்கம் தொங்கும். கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். திறந்தால் ஒரு வாசனை வரும். பாதி வெனிலா, பாதி மாட்டுப் பிரசவம். சோடா போட்டுத் தேய்த்தும் போகவில்லை. தாங்கள் கோபப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்வதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நம் நாரியாவின் வேலை தங்களுக்குத் தெரியும். இந்த மாவட்டத்து மாடுகளுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவன் நான், ஒரே மகள் என் பையைத் தூக்கிக்கொள்வாள் என்றிருந்தேன், அவளோ கோடையிலும் உருகாத உறைமண்ணில் மணல் எடுத்து அதற்கு வயது பார்க்கப் போனாள். "மாட்டுக்குப் பல்லப் புடிச்சுப் பாத்தா வயசு தெரிஞ்சிடும், மணலுக்கு எதப் புடிச்சுப் பாப்பே?" என்று புத்தாண்டு விருந்தில் நான் கேட்டதற்குத் தாங்கள்தான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தீர்கள். அவள் சிரிக்கவில்லை. அதிலிருந்து போனில் அவள் அம்மாவிடம் மட்டும்தான் பேச்சு.

இந்தக் கோடையில் நம் ஊருக்குக் கீழே, அல்தான் ஆற்றுக் கரை செங்குத்தாக நிற்கிற இடத்தில், குழாய்களை அடித்து இறக்கி மணல் எடுத்துக்கொண்டிருந்தாள். கடைசிக் குழாயை உருவும்போது மேலிருந்து பனியும் மண்ணுமாகச் சரிந்து விழுந்தது. பிள்ளை உயிரோடு வந்ததே பெரிது. கால் ஒடிந்து ஹெலிகாப்டரில் நகரத்துக்குப் போனாள். அவள் குடைந்த கரை ஆற்றோடு போய்விட்டது. எடுத்த குழாய்கள் மட்டும் கறுப்புப் பையில் சுற்றி எங்கள் பனிக்கிடங்கில், தங்கள் தங்கையின் உறைந்த பாலுக்கும் மீனுக்கும் நடுவில் கிடந்தன. அப்புறம் ஒருநாள் போன் வந்தது. எனக்கு.

"அப்பா, அந்தக் குழாயெல்லாம் இங்க வந்தாகணும். வயசு பாக்கற மெஷின்ல எனக்கு இந்த மாசம்தான் இடம் குடுத்திருக்காங்க. விட்டா ரெண்டு வருஷ வேல போச்சு."

"தபால்ல போட்டுடறேன்."

"ஐயோ, வேணாம்பா! உருகக் கூடாது. வெளிச்சம் படக் கூடாது. விமானத்துல கதிர் போட்டுப் பாப்பாங்க, அதுவும் கூடாது."

"பின்ன எப்படித்தான்?"

"மடியில வெச்சுக்கிட்டு வந்துருங்க."

தங்கள் தங்கை பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, "பொண்ண ஒருநாளு மடியில வெச்சுக் கொஞ்சுனதில்ல, மணல வெச்சுக்கிட்டுப் போறாராம்" என்றாள். அவள் தங்கள் குடும்பம். நான் பனிக்கட்டி வெட்டப் போய்விட்டேன்.

குழாய்களைச் சுற்றிப் பனிக்கட்டியை அடைத்து, தங்கள் பெட்டியில் வைத்து, மகாரின் வேனில் ஏறினேன். காட்டுத்தீப் புகை, வெக்கை, கால் நீட்ட இடமில்லை. பின்சீட்டு அம்மாள் ஒருத்தி தன் வெண்ணெயைப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னாள், மறுத்தேன், உள்ளே என்ன என்றாள், மணல் என்றேன், இந்த ஆளுக்குச் சித்தம் சரியில்லை என்று வண்டி முழுக்கச் சொன்னாள். பாதி வழியில் வேனில் மின்சாரம் எடுக்கும் துளை செத்துப்போனது. தங்கள் பெட்டி முனகலை நிறுத்தியது. வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன், மச்சான். மகாரோ, "பெருசு, மணல் கெட்டா போயிடும்?" என்று கேட்டுவிட்டுப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான்.

லேனா ஆற்றுப் படகுத்துறைக்கு வந்தால் வண்டிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கின்றன. ஸ்தெபான் என்று ஒரு போலீஸ்காரப் பையன், நம் வீட்டுக் கதவு அகலம் இருப்பான், வேனுக்குள் தலையை விட்டான்.

"பெட்டியத் தெறங்க, ஐயா."

"தெறக்கக் கூடாது தம்பி."

"உள்ள என்ன?"

"மணல்."

"எந்த ஊர் மணல்?"

"அல்தான்."

அவன் முகம் மாறியது. அல்தான் மணலைச் சலித்தால் என்ன கிடைக்கும் என்று தங்களுக்குத் தெரியாததல்ல.

"தங்கம் இல்ல தம்பி. வெறும் மணல். நாப்பதாயிரம் வருஷமா வெயிலப் பாக்காதது."

"அதனால என்ன? இன்னைக்குப் பாக்கட்டும்."

மச்சான், அப்போது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! போனில் நாரியா சொன்னதையெல்லாம் என் சொந்தச் சரக்கு மாதிரி கொட்டினேன். மணல் துகள் ஒவ்வொன்றும் கடைசியாக வெயில் பட்ட நாளிலிருந்து மண்ணுக்குள் கிடந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைக்கிறது, இருட்டறையில் தூண்டிவிட்டால் சேர்த்ததையெல்லாம் ஒரு மினுக்காக மினுக்கிக் காட்டும், அதை அளந்துதான் வயது சொல்வார்கள், நடுவில் நீ திறந்து வெயில் காட்டினால் சேர்த்தது அத்தனையும் அழிந்துவிடும், என் மகள் அதற்காகக் காலை ஒடித்துக்கொண்டு கிடக்கிறாள் என்று கத்திவிட்டு, பெட்டியைக் கீழே இறக்கி அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். வரிசையில் நின்றவர்களெல்லாம் கூடிவிட்டார்கள். வெண்ணெய் அம்மாள் மட்டும், "நாந்தான் அப்பவே சொன்னேனே" என்றாள்.

அந்த நேரத்தில் பின்னால் நின்ற லாரியிலிருந்து ஒரு பெண் அலறினாள். ஈனும் பசு, கன்றின் முன்னங்கால் மடங்கி உள்ளே சிக்கிக்கொண்டது. மகார் சும்மா இருக்காமல், "மாட்டு டாக்டரு இதோ பெட்டி மேல உக்காந்திருக்காரே!" என்று கூவிவிட்டான்.

ஸ்தெபான் என்னைப் பார்த்தான். "ஐயா, அது எங்கக்கா மாடு."

நான் எழுந்தால் பெட்டி போகும். எழாவிட்டால் பசு போகும். பசுவின் குரல் வேறு காதைத் துளைக்கிறது. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் ஆகுமா?

"இங்க வா," என்றேன். "இது மேல உக்காரு. எவன் வந்தாலும் தெறக்க விடாத. உன்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

உட்கார்ந்தான். தங்கள் மூடியின் கீல் போனது அப்போதுதான். அவன் பேரில் தவறில்லை, அவன் எடை அப்படி.

கன்றின் காலைத் தேடிப் பிடித்து நேராக்கி இழுப்பதற்குள் நான் அரை உயிராகிவிட்டேன். பெண் கன்று. மூக்கைத் துடைத்து வைக்கோலால் தேய்த்ததும் தும்மியது. பசு நக்க ஆரம்பித்தது. அக்காக்காரி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் முழங்கை வரை வழவழப்போடு பெட்டியை நோக்கி ஓடினேன்.

அங்கே கண்ட காட்சியை எப்படி எழுதுவேன்! மூடி உடைந்ததும் பயல் தன் சட்டையைக் கழற்றிப் பெட்டியை மூடிவிட்டு, உள்பனியனோடு அதைக் கட்டிப்பிடித்து மண்டியிட்டுக் கிடக்கிறான். முதுகு முழுக்க மாட்டு ஈ. பனிக்கட்டி உருகி ஒழுகுவதைப் பார்த்து ஐஸ்கிரீம் கடைக்காரியை அதட்டி, அவளிடம் இருந்த வெனிலா ஐஸ் அத்தனையையும் சட்டைக்குள் கைவிட்டுத் தடவித் தடவியே குழாய்களைச் சுற்றி அடுக்கச் செய்திருக்கிறான்.

"நான் பாக்கவே இல்ல ஐயா," என்றான். "கண்ண மூடிக்கிட்டேன்."

அவனே எங்களை அடுத்த படகில் முதல் வண்டியாக ஏற்றிவிட்டான். கை கழுவ நேரமில்லாமல் பெட்டியைத் தூக்கினேன். வாசனையின் காரணம் அதுவே.

யாகுட்ஸ்கில் நாரியா அக்குள் கட்டைகளை ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள். அவர்கள் இருட்டறையில் அடுப்புத் தணல்போல ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டும். பெட்டியைத் திறந்தாள்.

"அப்பா, ஏன் வெனிலா வாசன வருது?"

"இன்னும் கொஞ்சம் மோந்து பாரு. மாடும் வரும்."

ஒவ்வொரு குழாயாகத் தடவிப் பார்த்தாள். "உறைஞ்சேதான் இருக்கு. ஒண்ணுலகூட வெளிச்சம் படல." அவற்றை மறுபடி கறுப்புப் பையில் சுற்றினாள். பிறகு, "எல்லார்கிட்டயும் நீங்களே வெளக்கிச் சொன்னீங்களாமே? மகார் அண்ணன் போன்ல சொன்னாரு" என்றாள்.

"ஏதோ சொன்னேன். தப்பா இருந்தா நீ திருத்திக்க."

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். கால் வலி என்றாள். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் ஒருவர் முகம் ஒருவருக்குச் சரியாகத் தெரியாது; அது எவ்வளவு வசதி என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நடந்தது இவ்வளவுதான். நாற்பதாயிரம் ஆண்டுப் பழமையைச் சுமந்த பெட்டி என்று தாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டு என்னை மன்னிக்க வேண்டும். பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம். தங்கள் அடுப்பில் நெருப்பும், லாயத்தில் கொழுத்த குதிரைகளும், வாசலில் விருந்தாளிகளும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்
தெரென்தி

பி.கு.: புல் அறுப்பு வேலையில் இந்தக் கடிதம் இழுப்பறையிலேயே கிடந்துவிட்டது, பெட்டியும் இங்கேதான் இருக்கிறது. நேற்று நாரியா பேசினாள். அடிக்குழாயின் மணலை அளந்துவிட்டார்களாம். எல்லாவற்றிலும் பழசு என்று அவள் நம்பியிருந்த குழாய். நாற்பதாயிரம் இல்லை, மச்சான். அறுபதே அறுபது வருடம்! அதுவும் முன்னே பின்னே. உங்களைவிட இளையது. நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தால் அவள் குதிக்கிறாள். "அந்தக் கர ஏற்கெனவே ஒரு தடவ சரிஞ்சு, வெயிலப் பாத்துட்டு, திரும்ப உறைஞ்சிருக்குப்பா! யாருமே இத எழுதி வைக்கல. பாத்தவங்க யாராச்சும் இருப்பாங்களே!" நான் கல்யாணத்துக்கு அப்புறம் இந்த ஊருக்கு வந்தவன், தங்கள் தங்கையோ அப்போது தொட்டில் குழந்தை. அந்தக் கரையில் விளையாடி வளர்ந்தவர் இப்போது நீங்கள் ஒருவர்தான். ஆகையால் மேலே நாற்பதாயிரம் என்று கண்ட இடத்திலெல்லாம் அறுபது என்று படித்துக்கொள்ளவும். மன்னிப்பு மெதுவாக வரட்டும், பதில் உடனே வேண்டும்: ஏழெட்டு வயதில் கரை விழுந்ததைப் பார்த்தீர்களா, எந்தக் கோடை, எவ்வளவு தூரம் விழுந்தது? "மாமாவுக்கு ஞாபகம் இருக்குமாப்பா?" என்று நாரியா கேட்டாள். "அவரு வெயில்ல ரொம்ப அலைஞ்சவரும்மா, எல்லாம் அழிஞ்சிருக்கும், எதுக்கும் எழுதிக் கேட்டுப் பாக்கறேன்" என்று சொல்லியிருக்கிறேன்.