கோப்பையில் உங்கள் பெயர்

என் தங்கையைக் கைப்பிடித்தவரும் என் மனைவியின் தம்பியுமான அன்பு மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கேயும் அப்படித்தான் இருக்கும். இல்லாவிட்டால் என் தங்கை இந்நேரம் கூப்பிட்டு என்னைத் திட்டியிருப்பாள். போனில் பேசினால் உங்கள் அக்கா காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள், அதனால்தான் கடிதம்.

நம் டீக்கடைக்கு நேர் எதிரே, ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கிற பெரிய காபிக்கடை ஒன்று திறந்துவிட்டார்கள் மச்சான்! "அங்க கால் வச்சீங்க, அப்புறம் நம்ம பாய்லர்ல கை வைக்க விடமாட்டேன்" என்று உங்கள் அக்கா முதல் நாளே சட்டம் போட்டுவிட்டாள். இருபது வருஷமாக அந்தப் பாய்லர் முன்னால் நின்றவன் நான், வேறெங்கே நிற்பது என்றே எனக்குத் தெரியாது. ஆனாலும் எதிரியின் பலம் தெரிய வேண்டாமா? பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நுழைந்தேன். அடடா! கதவு தானாகத் திறக்கிறது, சோபா ஆளையே விழுங்குகிறது, எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் ஒருவரும் முறைப்பதில்லை. நம் கடை பெஞ்சில் ஒருவர் எழுந்தால் இன்னொருவர் விழுவார். கவுண்டரில் இருந்த பெண், "பேர் சொல்லுங்க சார், கப்புல எழுதணும்" என்றாள். எதிர்க்கடைக்காரன் தன் பெயரைச் சொல்ல முடியுமா? வாயில் வந்தது உங்கள் பெயர். நாலு தடவை அவள் கூவிய பிறகுதான் அது நான் என்று உறைத்தது. கோப்பையா அது, உள்ளே இறங்கிக் குளிக்கலாம்! வேவு பார்க்கத்தான் போனேன் மச்சான். பதினோரு நாள் விடாமல் வேவு பார்த்தேன்.

பதினோராம் நாள் வந்தது வினை. தினமும் வருகிறவராயிற்றே என்று என்னைப் படம் பிடித்தார்கள். சட்டென்று கோப்பையைத் தூக்கி மூக்குவரை மறைத்துக்கொண்டேன். மறுநாள் அந்தக் கடையின் வாசல் கண்ணாடியில் ஆளுயரப் படம். கீழே கொட்டை எழுத்தில் உங்கள் பெயர்.

"ஏங்க, அங்க என் தம்பி பேர் போட்டிருக்கே?" என்றாள் உங்கள் அக்கா.

"அவரேதான். ஏதோ வேலையா வந்திருப்பாரு."

"இவ்ளோ தூரம் வந்தவன் அக்காவைப் பாக்க வரமாட்டானா? அது கிடக்கட்டும், உங்க கோடு போட்ட சட்டை அவனுக்கு எப்படிப் போச்சு?"

"பால் பொங்குது" என்று உள்ளே ஓடிவிட்டேன்.

ஆகவே மச்சான், நீங்கள் பதினோரு நாள் இங்கே தங்கிக் காபி குடித்ததாகவும், என் சட்டையை இரவல் வாங்கியதாகவும், அக்காவைப் பார்க்க நேரமில்லாமல் போனதாகவும் உடனே அவளுக்கு எழுதிவிடுங்கள். வண்டி வண்டியாகத் திட்டுவாள், எனக்காகத் தாங்கிக்கொள்ளுங்கள். பாய்லர் போனால் நான் செத்தேன்.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள், உங்களுக்கு என் முன்கூட்டிய நன்றி.

இப்படிக்கு,
பதினோரு நாள் நீங்களாக இருந்த
உங்கள் மச்சான்

பி.கு.: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். உறையை ஒட்டப்போகும்போது பார்க்கிறேன், கண்ணாடியில் இரண்டாவது படம் ஒட்டுகிறார்கள். தினமும் மதியம், அதாவது நான் தூங்கும் நேரத்தில் வருகிற வாடிக்கையாளராம். முகம் உங்கள் அக்கா, பெயர் என் தங்கை! படத்தில் பெயர் இருப்பவர்கள் அடையாள அட்டை காட்டினால் ஒரு மாதம் காபி இலவசமாம், இரண்டு பேரும் அட்டையோடு அடுத்த வண்டியில் கிளம்பி வாருங்கள். நான் திரும்பி உங்கள் அக்காவைப் பார்த்தேன். "பால் பொங்குது" என்று உள்ளே ஓடுகிறாள். அடுப்பை இன்னும் பற்றவைக்கவே இல்லை.