சம்சு பாயின் மூணு லிட்டர்

சிவகாசியில் பேப்பர் மண்டி வைத்திருந்த சம்சுவுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. நாள் பூராவும் கல்லாவில் உட்கார்ந்து அவர் சம்பாதித்த கல் என்றாள் மனைவி பீவி ஜான். வலியில் அவர் போட்ட சத்தத்துக்குத் தெருவே கூடிவிட்டது.

கல் விழுந்த பிறகு டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். தினம் மூணு லிட்டர் தண்ணீர். எலுமிச்சை ஜூஸ் நல்லது. உப்பு குறையணும். கருவாடு, அப்பளம், ஊறுகாய் கூடாது. கறி எப்போதாவதுதான். பாலையும் மோரையும் நிறுத்த வேண்டாம்.

மறுநாளே ஊறுகாய் ஜாடி பீவி ஜானின் அக்கா வீட்டுக்குப் போய்விட்டது.

"என்ன பீவி, குழம்புல உப்பையே காணோம்?"

"ஆலங்குளம் சிமெண்டு பேக்டரிக்கு நீங்க ஒண்ணும் கல்லு சப்ளை பண்ண வேண்டாம். பேசாமச் சாப்பிடுங்க."

சாப்பிட்டார். தண்ணீர்தான் வம்பாகப் போயிற்று.

தினமும் காலையில் ஒரு கேன் நிறையத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். மண்டியில் கக்கூஸ் கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போகணும். முதல் நாள் ஒழுங்காகக் குடித்தார். அன்றைக்குப் பூராவும் நடையாய் நடந்தார். வாசலில் உட்கார்ந்திருந்த லோடுமேன் ஒச்சப்பன், "மொதலாளி, பஸ் ஸ்டாண்டுல ஏதும் பிராஞ்ச் தொறந்திருக்கீகளா?" என்று கேட்டான். லோடு ஆட்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். சம்சுவுக்கு உடம்பே கூசிப்போயிற்று. தீபாவளி சீசன் வேறு. பார்ட்டி வந்து நிற்கிற நேரத்தில் முதலாளி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினால் எவன் மதிப்பான்?

அடுத்த நாளிலிருந்து கேன் தண்ணீர் மண்டிக்குப் பின்னால் சாக்கடைக்குப் போனது. சாயங்காலம் காலிக் கேனோடு வீட்டுக்கு வந்து, தண்ணீர் குடித்து வயிறு வீங்கிய ஆள் மாதிரி ஒரு ஏப்பமும் விடுவார். பீவி ஜான் தலையை ஆட்டிக்கொள்வாள். எம்புட்டு லேசா ஏமாத்திட்டோம் என்று அவருக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

ஒரு நாள் அவள் கேட்டாள்.

"முழுசும் குடிச்சீகளா?"

"ஒரு சொட்டு மிச்சம் வைக்கல."

"ருசி எப்படி?"

"தேனாட்டம் இருந்துச்சு! ஆனைக்குட்டம் டேம் தண்ணின்னா சும்மாவா?"

பீவி ஜான் கேனைக் கையில் வாங்கினாள்.

"இன்னிக்கு அதுல ரெண்டு கை கல்லுப்பு அள்ளிப் போட்டிருந்தேன். ஒரு வாய் வச்சிருந்தாலே காறித் துப்பியிருப்பீக."

சம்சு வாயைத் திறந்தார். ஏப்பம்கூட வரவில்லை.

"மூணு லிட்டர் குடிச்ச மனுசன் வீட்டுக்கு வந்ததும் சொம்பு சொம்பா ஏன் குடிக்காருன்னு அன்னிக்கே யோசிச்சேன்." அவள் குரல் இறங்கியது. "ஆஸ்பத்திரி வராண்டாவுல நீங்க கத்துனது இன்னும் என் காதுல கெடக்கு. தண்ணிய எங்கனயோ கொட்டிட்டு வந்து என்கிட்ட ஏப்பம் விடுறீகளா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்ததுதான் தாங்கவில்லை. சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே சொன்னார்:

"அடிக்கடி பஸ் ஸ்டாண்டுக்கு ஓட வெக்கமா இருக்கு பீவி. லோடு ஆளுக சிரிக்கானுக."

அவள் சிரிக்கவில்லை. அது இன்னும் வெட்கமாக இருந்தது.

"இம்புட்டுத்தானா? இத முன்னாலயே சொல்ல வேண்டியதுதான? நான் பாத்துக்கிடுதேன்."

எப்படி என்று கேட்க அவருக்கு முகமில்லை.

மறுநாள் மதுரையிலிருந்து பெரிய பார்ட்டி வந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மெல்லிய பேச்சு. காலண்டர் அட்டைக்குப் பெரிய ஆர்டர். சம்சு நெஞ்சை நிமிர்த்தி, குரலைக் கனமாக்கி ரேட் சொல்லிக்கொண்டிருந்தார். ஒச்சப்பன்கூட மரியாதையாக எழுந்து நின்றான்.

அப்போது எதிர்ச் சாரியில் அச்சாபீஸ் வைத்திருக்கும் பலவேசம் அண்ணாச்சி வாசலுக்கு வந்து, ரோடு பூராவும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார்:

"சம்சு பாய்! நம்ம அச்சாபீஸ் கக்கூஸ தொறந்து வச்சிருக்கேன்! மணிக்கு ஒரு தடவை ஒங்கள வெரட்டச் சொல்லி ஒங்க வீட்டம்மா காலையிலயே வந்து சொல்லிட்டுப் போயிருக்காக, ஓடி வாங்க!"