எலிச்சாட்சிக்காரர்

சர்க்கரை வியாதிக்காரர்களில் பல ரகம் உண்டு. மாத்திரையை நாக்கடியில் ஒளித்துத் துப்புகிறவர், பிள்ளைகளுக்கு என்று சொல்லி அல்வா வாங்கி வழியிலேயே பிள்ளையாகிவிடுகிறவர், சீனி இல்லாத டீ குடித்த தியாகத்துக்கு ஈடாக இரண்டு போளி கேட்கிறவர் என்று எல்லாரையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டிலேயே இரண்டு பேர் இருப்பார்கள். இங்கே சொல்ல வந்தது வேறு ரகம். எலிச்சாட்சிக்காரர். எலியை வைத்து நடந்த ஆராய்ச்சி தனக்குச் சாதகமாக இருந்தால் எலியைக் கூண்டிலேற்றிச் சாட்சி சொல்ல வைப்பார். பாதகமாக இருந்தால் அதே எலியை, உனக்கு என்ன தெரியும் என்று விரட்டிவிடுவார்.

நாகர்கோவில் பக்கம் ஒரு மருந்தியல் கல்லூரியில் எலிக்கூடப் பொறுப்பாளர் தேவகுமார் இந்த ரகத்தின் முழு லட்சணமும் பொருந்தியவர். எலிகளுக்குக் கொழுப்புத் தீனி போட்டு உருட்டி, ஊசி போட்டுச் சர்க்கரை வரவழைத்து, புது மருந்து அதைக் குறைக்கிறதா என்று பார்க்கும் வேலையில் அவருக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம். ஒரு எலிக்குப் பதினைந்து கிராம் தீனி என்றால் பதினைந்துதான். பதினாறு போட்டுவிட்டால், "ஏலே, எலியக் கொல்லப் பாக்கியா?" என்று கூடம் அதிரும். அவருடைய சொந்தத் தட்டின் பக்கம் மட்டும் அந்தத் தராசு போனதே இல்லை.

"சீனி தின்ன எலிக்குக் கிட்னி போச்சுன்னு நீங்கதான சொன்னிய?" என்பார் மனைவி ஜெபகனி.

"அது எலி, ஜெபா. நாலு வெரக்கட உடம்பு. மனுசனும் அதுவும் ஒண்ணா?"

அடுத்த வாரமே கறுவாப்பட்டை தின்ற எலிகளுக்குச் சர்க்கரை குறைந்ததாக எங்கோ படித்துவிட்டு வருவார். இப்போது எலிக்கு மரியாதை கூடிவிடும். "எலியிலேயே பாத்தாச்சு. அதுக்க உள்ளுக்கும் நமக்க உள்ளுக்கும் பெரிய வித்தியாசம் கெடையாது, கேட்டியா?" என்று விளக்கி, அடைப்பிரதமன் பாயசத்தின் மீது கறுவாப்பட்டைப் பொடியைத் தூவி இரண்டு கப் குடிப்பார். விஞ்ஞானத்தின் மேல் இவ்வளவு பற்று யாருக்கு வரும்?

ரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்னால் தேவகுமார் துறவியாகிவிடுவார். அவர் பையில் பாகற்காயைக் கண்டால், தேதி நெருங்கிவிட்டது என்று வடசேரி சந்தைக் காய்காரிக்கே தெரியும். முடிவு நல்லதாக வரும். அன்று சாயங்காலமே பழபஜ்ஜிக் கடையில் அவர் தரிசனம் கிடைக்கும். மூன்று மாதச் சராசரியைக் காட்டிக்கொடுக்கும் பரிசோதனை ஒன்று இருக்கிறதே? இருக்கிறது. அதை எலிகளுக்குத் தவறாமல் எடுப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, திருவட்டாறில் ஒரு கல்யாணத்துக்குப் புதுச் செருப்புப் போட்டுப் போனார். குதிகாலில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் செருப்பு கடித்தது. வலிக்கவில்லை. வலிக்காததை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டார். சர்க்கரை முற்றிய எலி நரம்பு மரத்துப்போய்ச் சூட்டுப் பலகையில் காலை எடுக்கத் தாமதிக்கும் என்று நோட்டில் எழுதி வைக்கிறவரும் இவர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெபகனிக்குப் பயமாக இருந்தது. தன் அக்கா யேசுரத்தினத்துக்கும் இப்படித்தான் ஒரு சின்னப் புண்ணில் தொடங்கி முழங்காலோடு காலை எடுப்பதில் போய் நின்றது. "ஆஸ்பத்திரிக்கு வாருங்க" என்று கெஞ்சினார், திட்டினார், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தார். "செருப்புக் கடிக்கு டாக்டரா? நாட்டுல சிரிப்பாவ" என்று ஒரே பதில்தான் வந்தது.

ஜெபகனி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எலிக்கூடத்தில் புண் ஆறுவதை எப்படி அளப்பார்கள் என்று கணவர் பெருமையடித்த கதை அவருக்கு மனப்பாடம். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளைப் புண் மேல் பிடித்து, நான்கு நாளுக்கொரு முறை ஓரத்தைப் பேனாவால் வரைய வேண்டும். ஆறுகிற புண் என்றால் வட்டத்துக்குள் வட்டமாகச் சுருங்கிவரும். மருந்து தடவுகிறேன் என்று உட்கார்ந்து, கணவர் செல்போனில் மூழ்கியிருக்கும்போது ஜெபகனி வரைந்தார். தாள் பட்டதும் தேவகுமாருக்குத் தெரியவில்லை, பேனா ஓடியதும் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் அந்தத் தாள், எலிக்கூடத்தில் ஆராய்ச்சி செய்யும் ஆர்த்திகாவின் கைக்குப் போனது. அவள் அதை எலிகளின் புண் வரைந்த மற்ற தாள்களோடு சேர்த்து தேவகுமார் முன்னால் வைத்தாள். பெயரில்லாத தாளைப் பார்த்தே எந்தக் கூண்டுக் கூட்டம் என்று சொல்வது அவருடைய புகழ்பெற்ற வித்தை.

"இது சுகர் இல்லாத எலி. இது மருந்து குடிச்சது, நல்லா ஆறுது" என்று தள்ளிக்கொண்டே வந்தவர் அந்தத் தாளில் நின்றார். முதல் வட்டம், அதற்கு வெளியே இரண்டாவது, அதற்கும் வெளியே ஒரு பக்கம் பிதுங்கி மூன்றாவது.

"இது மருந்தே காணாத கூட்டம். சீனியக் கண்டபடிக்குத் தின்னிருக்கு. உள்ள சீழ் பிடிச்சாச்சு, மக்கா. இன்னும் ஒரு வாரம் விட்டா உசிரு தங்காது. இப்படி விடலாமா? பாவம்லா. யாரு பொறுப்பு? எலி நம்பர் என்ன?"

ஆர்த்திகா தாளின் ஓரத்தைக் காட்டிச் சொன்னாள்.

"அது எலி இல்ல, சார்."

தாளின் ஓரத்தில் தேதிகள் இருந்தன. ஏழின் இடுப்பில் சின்னக் கோடு போட்டு எழுதும் கணக்கு டீச்சரின் கையெழுத்து. தேவகுமார் வாயைத் திறந்தார். இருபத்திரண்டு வருஷமாக இந்த இடத்தில் சொல்ல அவரிடம் ஒரு வாக்கியம் இருந்தது. அது எலி, மனுசன் வேற. இன்றைக்கு அது உதவவில்லை. மெதுவாகக் குனிந்து, செருப்பைக் கழற்றி, அந்தக் காலை முதன்முறையாகத் தானே பார்த்தார்.

"ஜெபாவ வரச் சொல்லு" என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

கால் தப்பியது. இரண்டு விரற்கடை சதையைக் கொடுத்துவிட்டுத் தப்பியது.

நீங்கள் சிரித்தீர்கள், நல்லது. தேவகுமார் மாதிரி ஆட்களைத் திருத்தவே முடியாது என்று தலையையும் ஆட்டியிருப்பீர்கள். ஆனால் ஒன்று சொல்லுங்கள். நேற்றிலிருந்து நீங்கள் சீனி போடாமல் டீ குடிக்கிறீர்களே, ரத்தப் பரிசோதனை எந்தக் கிழமை?